மூன்று வரிசைக்குக் கீழே

தம்பியின் கொலைவழக்கில்
வாக்குகள் சரிபாதியாய் விழுந்தன.
சரிபாதி என்றால் விடுதலை. ஏதென்ஸின் சட்டம்.
குடத்தைக் கவிழ்த்து எண்ணியவன்
என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று மலைச்சரிவு அரங்கில்
மூன்று வரிசைக்குக் கீழே எவாந்தெஸ்.
வெயிலில் தோலுரிந்த பிடரி.
மடியில் வறுத்த கொண்டைக்கடலை.
என் மடியில் பாலாடைக்கட்டி,
அதை அறுக்க ஒரு கத்தி.

மேடைக் கதவு திறக்க
சக்கரப் பலகையில் பிணங்கள் உருண்டு வருகின்றன.
பழி தீர்த்துவிட்டு
ஓலமிடுகிறது ஒரு முகமூடி.

எவாந்தெஸ் அழுகிறான்.
தோள் குலுங்க, மூக்கொழுக,
யாரோ ஒருவனின் தம்பிக்காக.

எட்டு மாதமாய்க் கணக்கு வைத்திருக்கிறேன்.
இந்தக் கண்ணீரை
பற்றில் எழுதுவதா, வரவிலா?

"உட்காரய்யா, மறைக்குது!"
பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள்.

நான் எப்போது எழுந்தேன்?