எலுமிச்சம்பழமும் ஏழாம் தளமும்

ஊர் திரும்பிப் பதினோரு நாள்.
இன்னும் தரை அசைகிறது எனக்கு.
செவ்வாய்ப்பேட்டையில் கடைப் படி ஏறும்போது
கை தானாகக் கம்பியைத் தேடுகிறது.

லீ பஜாரில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்:
"எதுங்க நல்லா இருந்துச்சு,
போன வருசம் போனதா, இப்பப் போனதா?"
புடவை விசாரிப்பது போல.

போன வருடக் கப்பல்
சிமென்ட் கம்பெனி கொடுத்த பரிசு.
இத்தனை லோடு விற்றால் இரண்டு டிக்கெட்.
பன்னிரண்டு மாடி, ஏழு லிஃப்ட்.
கடல் எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும்,
கண்ணாடிக்கு அப்பால்
யாரோ மாட்டி வைத்த நீலத் திரை மாதிரி.
நடுராத்திரிக்கு மேலும் தோசை ஊற்றுகிறார்களென்று
இவர் இரண்டு முறை எழுந்து போய்த் தின்று வந்தார்.

இந்த வருடக் கப்பல் கொச்சியிலிருந்து.
எங்கள் காசு.
மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர்.
முதல் நாளே அலை தூக்கிப் போட்டது.
நான் வாந்தியெடுத்த சேதி
கேப்டன் வரைக்கும் போய்விட்டது.
காலையில் சமையல்கார பெர்னாண்டஸ்
கதவைத் தட்டி, "பிரேமாவதியம்மா" என்று
பெயர் சொல்லி ஓர் எலுமிச்சம்பழம் நீட்டினார்,
நகத்தால் கீறி மோந்து பாருங்கள் என்று.
மூன்றாம் ராத்திரி எஞ்சின் நின்றுபோனது.
முக்கால் மணி நேரம்.
அப்போதுதான் கேட்டேன்
தண்ணீர் இரும்பைத் தொடும் சத்தம்,
தூங்குகிற பிள்ளை
உதட்டைச் சப்புகிற மாதிரி.

"சின்னதுதான்" என்கிறேன் கேட்கிறவர்களிடம்.
எலுமிச்சம்பழத்தைச் சொன்னால்
எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

சொல்லாதது ஒன்று உண்டு.

பெரிய கப்பலில், ஏழாம் தளத்தில்,
அறைக்கு வழி தெரியாமல்
ஒன்றரை மணி நேரம் நடந்தேன்.
அதே கதவு, அதே கம்பளம், மறுபடி அதே கதவு.
முதல் பத்து நிமிடம் பயம்.
அப்புறம்
எதிரே வந்த ஒருவரும்
"என்ன, செங்கோடன் வீட்டம்மா இந்தப் பக்கம்?" என்று கேட்கவில்லை.
பாக்கி சொல்லிப் போனவர் இல்லை,
மகளுக்கு வரன் அமைந்ததா என்பவர் இல்லை.
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.
லிஃப்டில் ஒருத்தி பெயர் கேட்டாள்.
வாயில் வந்ததைச் சொன்னேன்: மஞ்சரி.
நல்ல பெயர் என்றாள்.
அறை எண் நினைவுக்கு வந்த பிறகும்
இன்னும் இரண்டு சுற்று
மஞ்சரியாகவே சுற்றினேன்.

நேற்று ஏற்காடு போனோம்.
ஏரிக்கரையில் நின்று, மிதிபடகா துடுப்புப் படகா என்று
இவர் அங்கேயும் ஆரம்பிக்க,
கடைசியில் எதிலும் ஏறாமல்
மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு
லேடீஸ் சீட்டுக்கு நடந்தோம்.
இருட்டிக்கொண்டு வந்தது.
மூடியிருந்த பனி சட்டென்று விலக,
கீழே சேலம்
தளம் தளமாக விளக்கெரிய நின்றிருந்தது.
"அதா, அது ஜங்சன். இங்க பாரு, அஞ்சு ரோடு.
நம்ம கடை அந்த மஞ்ச வெளிச்சத்துக்குப் பின்னால."
இவர் விரலை நீட்டிக்கொண்டே போனார்.
நான் கீழிருந்து எண்ணினேன்.
ஏழாவது வரிசையில் யாரோ ஒருத்தி
செருப்பைக் கையில் பிடித்தபடி
நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாள்.
காட்டவில்லை இவருக்கு.

இறங்கும்போது பன்னிரண்டாம் வளைவில் குமட்டியது.
இவர் சட்டைப் பையைத் துழாவி
ஓர் எலுமிச்சம்பழம் எடுத்தார்.
எப்போது வாங்கினாரோ,
பையின் சூடு அதில் ஏறியிருந்தது.
"அடுத்த வருசம் எதுல போலாம்?"

நகத்தால் கீறினேன்.
கார் திரும்பியது.
ஊர் ஒரு பக்கமாகச் சாய்ந்து
மெல்ல நிமிர்ந்தது.