கண்ணீர்ப் பட்டாணி

பிப்ரவரியிலேயே மேசை சொல்லி வைத்தாயிற்று.
ஈஸ்டர் விடுமுறை, சான் செபாஸ்தியான்,
மதியம் இரண்டு மணி, நான்கு பேர்.
அதில் இரண்டு பேர் நாற்காலியில் உட்காருவார்கள் என்பது
வெறும் நம்பிக்கை.

ஃபெர்மின் இதற்கென்றே ஒரு சட்டை வாங்கியிருந்தான்.
நான் எடுத்துக்கொண்டது
எட்டு மெழுகுக் கலர்க்குச்சிகள், ஈரத் துடைப்பான்,
மாற்று ஜட்டி, ஒரு வாழைப்பழம்.
பதினோரு வகை பரிமாறும் இடத்துக்கு
வாழைப்பழத்தோடு போனவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சரகோசாவிலிருந்து வழியெல்லாம் ஒத்திகை.
"உள்ளே மெதுவாகப் பேசணும்."
"எவ்வளவு மெதுவா?" என்றாள் இசார்பே.
"மீன் பேசுகிற மாதிரி."
லிசருக்கு இரண்டரை வயது. உடனே
வாயைத் திறந்து திறந்து மூடினான்,
துதேலா தாண்டும்வரை.

முதல் தட்டில் நுரை.
"யாரோ துப்பிட்டாங்க!"
மீன்கள் அவ்வளவு சத்தமாகப் பேசாது.
இரண்டாவதில் கண்ணாடிக் கூண்டு, உள்ளே புகை.
திறந்ததும் லிசர் போட்ட தும்மலில்
புகை அடுத்த மேசைக்குப் போய்விட்டது.

அங்கே முத்துச் சங்கிலி போட்ட பெண்மணி ஒருத்தி
எங்களைப் பார்த்தாள்.
பார்வை என்றால்,
பால் திரிந்துபோகும் பார்வை.
எதிரே ஒரு மனிதர்.
நாலு வகை முடிந்தும் அவரிடமிருந்து
ஒரு சொல் வரவில்லை.
நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்தது கண்ணீர்ப் பட்டாணி.
பரிமாறிய எனேகோ குனிந்து சொன்னான்:
விடியுமுன் பறித்தது, கையாலேயே உரித்தது,
கிலோ நானூறு யூரோ.
இல்லை, விலையை அவன் சொல்லவில்லை.
ஃபெர்மின்தான் என் காதில் சொன்னான்,
பாவமன்னிப்புக் கேட்கிற குரலில்.

தட்டு முழுநிலா அகலம். நடுவில் ஒரு கரண்டி பச்சை.
என் மடியிலிருந்த லிசர்
என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான்,
வெளிச்சத்தில் பார்த்தான்,
விட்டான்.
அது உருண்டது.

அதன்பின் அவன் வாழ்க்கைக்கு வேறு நோக்கமில்லை.
ஒண்ணு. ரெண்டு. ரெண்டு. ரெண்டு. ரெண்டு.

"நான் பிடிக்கிறேன்" என்று இசார்பே
மேசைவிரிப்புக்குள் நுழைந்தாள்.
அவள் எழுந்தது எங்கள் மேசையில் அல்ல.

"உங்க கால் அழுதிருக்கு,"
என்றாள் முத்துச் சங்கிலியிடம்,
அன்றைக்கு முதல்முறையாக மீன்குரலில்.

புதுச் செருப்பு. கழற்றி வைத்திருக்கிறாள்.
குதிகாலில் திராட்சை அளவு கொப்புளம், உடைந்து.
என் மகள் தன் முழங்காலிலிருந்து
டைனோசர் பிளாஸ்திரியைப் பிய்த்தாள்.
"பாதி ஒட்டும்."

ஒரு கையில் பிள்ளை, மறுகையில் வாழைப்பழம்,
நான் எழுந்து நிற்பதற்குள்
அந்த அம்மாள் குனிந்து அதை ஒட்டிக்கொண்டாள்.
விரலால் அழுத்தியும் விட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டையா?"

அறையில் கரண்டிகள் நின்றன.

"ஆமாம்" என்றாள்,
உப்பு கேட்டவருக்கு உப்பை நகர்த்துவதுபோல.
எதிரே இருந்தவர் நாப்கினை மடித்தார்.
பிரித்தார். மடித்தார்.

மிச்சம் என்னென்ன வந்தது என்று கேட்காதீர்கள்.
ஏதோ ஒன்று கறுப்பு. ஏதோ ஒன்று நடுங்கியது.
லிசர் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு
என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கினான்.
ஃபெர்மின் தன் சட்டையை மட்டும் காப்பாற்றிவிட்டான்.

இனிப்பு வருமுன் அவர்கள் எழுந்தார்கள்.
அவர் முன்னால் போனார், பணம் கட்ட.
அவள் செருப்பைக் கையில் தொங்கவிட்டு
வெறுங்காலோடு எங்களைத் தாண்டிப் போனாள்.
அடிக்கு ஒருதரம் குதிகாலில்
பச்சை டைனோசர் எட்டிப் பார்த்தது.
இசார்பே கையாட்டினாள், அதற்கு.

கடலோர நடையில் ஃபெர்மின் கேட்டான்,
"பட்டாணி எப்படி இருந்தது?"

பிள்ளையை இடத்தோளுக்கு மாற்றும்போது
அவன் காலர் மடிப்பில் ஒன்று அகப்பட்டது.
வாயில் போட்டுக்கொண்டேன்.
அவன் உடம்புச் சூடு ஏறியிருந்தது.
தோல் வெடித்தது.

"இரு," என்றேன்.