பக்கம் திருப்பிய நேரம்

பாக்சைட் என்று பேர் வைத்துக்கொண்டு
நாலு பேர் ஏற்காட்டில் ஒரே ஒரு முறை வாசித்தார்கள்.
தொண்ணூற்றாறு, மே மாதம், ஏரிக்கு மேலே பள்ளி மைதானம்.
சினிமாப் பாட்டு போடச் சொல்லிக் கத்தியவர்களும் உண்டு.
அதுவும் டேப்பில் இருக்கிறது.

நான் போகவில்லை. எனக்கு ஐந்து வயசு,
அம்மை போட்டுப் படுத்திருந்தேனாம்.

கிளமென்ட்டின் டேப்,
வலது ஸ்பீக்கருக்கு எட்டடி தள்ளி.
சட்டைக்குள் வாக்மேன், காலரில் மைக்.
டிரம்ஸ் விழும்போதெல்லாம்
அவன் நெஞ்சும் கொஞ்சம் பதிவாகியிருக்கிறது.

பவளக்கொடியுடையது பின்வரிசை, பஜ்ஜிக் கடை ஓரம்.
கித்தார் எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்,
எண்ணெய் பொரிவது மட்டும் அவ்வளவு துல்லியம்.

எஸ்டேட் பனியில் கிடந்து
இரண்டிலும் வெள்ளைப் பூஞ்சை.
ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால்
சாண் சாணாகத் துடைத்தேன்.

அம்மாப்பேட்டையில் பக்கத்து வீட்டுத் தறி நிற்க
ராத்திரி பதினொன்றாகும். அப்புறம்தான் ஹெட்போன்.
டேப் ஓடும் வேகத்தைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு:
பாட்டுக்கு அடியில் கரண்ட் முனகும், விநாடிக்கு ஐம்பது முறை.
முனகலை ஐம்பதுக்குக் கொண்டுவந்துவிட்டால்
பாடுகிறவன் தன் வயசுக்குத் திரும்பிவிடுவான்.
(கடைசி மூன்று பாட்டுக்கு ஜெனரேட்டர் ஓடியது.
அங்கே என் காதை நம்பினேன்.)

சிக்கல் ஒன்பதாவது பாட்டில்.
இருவரும் நல்லதாகப் பார்த்து
முதல் அக்ரஹாரத்தில் ஒரே கடையில்
தொண்ணூறு நிமிஷ கேசட் வாங்கியிருக்கிறார்கள்.
முதல் தட்டலிலேயே அமுக்கியிருக்கிறார்கள்.
ஆகவே இருவருக்கும் ஒரே இடத்தில் நாடா தீர்ந்தது.
இருட்டில் திருப்பிப் போட நாற்பது விநாடி.
பாட்டு அறுகிறது,
மறுபக்கம் பெரிய ஆரவாரத்தில் திறக்கிறது.

நடுவில் நடந்ததற்கு ஆளுக்கொரு கதை.
கித்தார் தீப்பிடித்தது என்றான் ஒருவன்.
அவர்கள் வாசித்ததிலேயே அதுதான் உச்சம் என்று
அன்றைக்கு வராதவர்கள் சத்தியம் செய்தார்கள்.

போன ஆடியில் இன்னொரு டேப் வந்தது.
அறுபது நிமிஷ மலிவு கேசட்.
பதிந்தவர் மாது, மைக்செட் வண்டி டிரைவர்.
ராக் கீக் எதுவும் அவருக்கு ஆகாது.
டூ-இன்-ஒன் வேலை செய்கிறதா என்று
சும்மா அமுக்கி, மறந்திருக்கிறார்.
அடியில் ஒரு தேர்தல் பேச்சு சரியாக அழியாமல் கிடக்கிறது.
பாட்டுக்கு நடுவே "தாய்மார்களே" என்று
யாரோ எட்டிப்பார்க்கிறார்.

அவரிடம் அந்த நாற்பது விநாடி முழுசாக இருந்தது.

கம்பி அறுந்திருக்கிறது. அவ்வளவுதான்.
"இருங்க, ஒரு நிமிஷம்."
யாரோ இருமுகிறார்கள்.
வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல்:
"சேலத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"
"அது அப்பவே போயிடுச்சு."
மைதானமே சிரிக்கிறது.
நாங்கள் ஆரவாரம் என்று நினைத்தது அதைத்தான்.
சிரிப்பு அடங்குமுன்
மிச்சம் ஐந்து கம்பியில் ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கிளமென்ட் போனில் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "அதை வெட்டிடேன்" என்றான்.
மாட்டேன் என்றேன்.

பவளக்கொடி இரண்டு தரம் கேட்டாள்.
"அது நான்தான். எனக்கு ஞாபகமே இல்லை.
என் டேப்பில் எப்படி இருக்கும்?
அப்போ அதைக் கையில் வைத்துத்
திருப்பிக்கொண்டிருந்தேனே."
அன்று இருபது வளைவும் அவள் இறங்கியது
பாக்சைட் லாரியில்.

கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறேன். காசு வேண்டாம்.
விற்காதீர்கள்.
பஜ்ஜியைச் சுத்தம் செய்யாதீர்கள்.
உங்கள் காப்பியிலிருந்து இன்னொருவருக்கு ஒன்று.

மாதுவுக்குக் கொடுக்கச் சூரமங்கலம் போனேன்.
ஒன்றரை மணி நேரமும் கண்ணை மூடிக் கேட்டார்.
முடிந்ததும் கேட்டார்:
"அடியில் ஒருத்தர் பேசுறாரே,
அவரை முழுசா எடுக்க முடியுமா?"

முயன்றுகொண்டிருக்கிறேன்.
இதுவரை கிடைத்தது பதினோரு வார்த்தை.