காரணம் என்னும் கட்டம்

அழிக்கால், மே மாதம்.
வீட்டை விட்டு வெளியே வராதீர் என்று
ஆட்டோவில் குழாய் கட்டிச் சொல்லிப் போன
மூன்று மணி நேரத்தில்
கடல் வீட்டுக்குள் வந்தது.

பள்ளிக்கூடத்தில் முகாம். வாசலில் எனக்கொரு மேசை.
காய்ச்சலுக்கு நீலப் பதிவேடு,
தண்ணீருக்குச் சிவப்பு.
லூர்து பவுலின் இரண்டிலும் இருந்தாள்.
"எதுல மொதல்ல எழுதுவ?
ரெண்டுலயும் மூச்சு முட்டத்தான செய்யுது."

சுண்ணாம்பில் வட்டங்கள் நான்தான் போட்டேன்,
ஆளுக்கொன்று, ஆறடி தள்ளி.
நாற்பதுக்கு மேல் தரை இல்லை.
வந்தவர்கள் இருநூற்றுப் பதினொன்று.
மிச்சப் பேர் கோட்டின் மேலேயே படுத்தார்கள்.

காரணம் என்று ஒரு கட்டம் உண்டு படிவத்தில்.
நீலத்தில் 'தொற்று'.
சிவப்பில் 'கடல்' என்று எழுதினேன்.
ததேயுஸ் குனிந்து வாசித்தார்.
"அதுமேல பழி போடாத மக்கா.
அது இருந்த எடத்துலதான் இருந்துச்சு.
இப்ப அதுக்கு மேலு சுடுது.
என் நெத்தியில துப்பாக்கி மாதிரி ஒண்ண வச்சுப் பாத்தியல்லா,
அதையும் ஒருக்கா பாரு."

கட்டம் சிறியது.
'மறுபக்கம் பார்க்க' என்று எழுதித் திருப்பினேன்.

போன வருடம் அறுபத்தெட்டு நாள்
களியக்காவிளைச் சாவடியில்
ஒரு கல் லாரியைக்கூட நான் பார்க்கவில்லை.
பாறைக்கு வெடி இல்லை.
வேளிமலை இவ்வளவு கிட்டத்தில் இருப்பது
அப்போதுதான் தெரிந்தது.
எல்லாம் ஒரே இரவில், ஒரே கையெழுத்தில்.
'நிறுத்துவதற்கு வழிவகை இல்லை' என்று
பதினோரு வருடமாக ஊர் மனுக்களுக்குப்
பதில் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

ஆனால் அந்த அறுபத்தெட்டு நாளும்
பவுலினின் மீன் பாத்திரம் கவிழ்ந்தே கிடந்தது.
வழி இருக்கிறது என்று எழுதினால்
அது யார் வயிற்றின் மேலாகப் போகிறது
என்றும் எழுத வேண்டும்.
பேனாவை மூடிவிட்டேன்.

இனி தூண்டில் வளைவு வரும் என்கிறார்கள்.
அதற்குக் கல் வேண்டும்.
கல்லுக்கு மலை வேண்டும்.
லாரிகள் எங்கள் பக்கமும் திரும்பும்;
கும்பிட்டுத்தான் வரவேற்போம்.

ராத்திரி வராந்தா வரை தண்ணீர் ஏறியது.
காற்று அடங்கியிருந்தது; இருமல்தான் கேட்டது.
விடிந்து பார்த்தால்
கடைசி வரிசையில் ஏழு வட்டங்களைக் காணோம்.
சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு போய்
மறுபடி போட்டேன்,
ஓரடி உள்ளே தள்ளி,
கொஞ்சம் சிறிதாக.