திரைக்கு ஒரு மழைக்கோட்டு

காலை ஆறு மணி. வெளியே இன்னும் இரவு.
மேற்கு ஐஸ்லாந்தின் இந்தக் கடலிடுக்கில்
ஜனவரிச் சூரியன் மலையைத் தாண்டி வருவதில்லை.
கூடத்துக்குள் நான்கு டிகிரி.
ரப்பர் காலணிக்குள் இரண்டு கம்பளி உறை போட்டும்
விரல் நுனி மரத்துப்போகும்.
அங்கே எரிந்த ஒரே அடுப்பு
என் வயிறுதான்.

சுவரில் ஒரு திரை.
மணிக்கு யார் எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று
பெயர் சொல்லிக் காட்டும்.
பதினோரு வருடம் முதல் வரியில் இருந்த பெயர்
ஸ்வான்ஹில்தூர். நான்.
செப்டம்பரில் போலந்திலிருந்து போகுமிவா வந்தாள்.
அக்டோபரில் நான் இரண்டாம் வரி.

அவள் வெட்டுவதைப் பார்க்கக் கூடாது என்று
தினமும் முடிவு செய்து
தினமும் பார்த்தேன்.
காட் மீனின் செவுளுக்குப் பின்னால் கத்தி இறங்கும்;
முதுகெலும்பை உரசியபடி போகும்,
காத்திருந்த கடிதத்தின் உறையைப் பிரிப்பதுபோல.
எலும்பில் ஒரு பொட்டுச் சதை மிஞ்சாது.
நல்ல வேலை என்று என் கைக்குத் தெரிந்தது.
வாய் வேறு சொன்னது,
காபி நேரத்தில், ரூனாரிடம்:
"அவசரத்தில் முள்ளை விட்டுவிடுகிறாள்."

பொய்.
அவன் தலையாட்டிக்கொண்டே ரொட்டியைக் கடித்தான்.
மறுநாள் அது மேசை மேசையாக நகர்ந்து
அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியானது.

பிறகு சாணைக்கல்.
எல்லோருக்கும் பொது. தொட்டி ஓரத்தில் கிடக்கும்.
ஒரு புதன்கிழமை அதை
என் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
நாள் முழுக்கத் தேடினாள், யாரிடமும் கேட்காமல்.
எங்கள் மொழியில் அவளுக்கு அப்போது
"நன்றி"யும் "மன்னிக்கவும்" என்பதும்தான் தெரியும்.
மழுங்கிய கத்தியாலேயே வெட்டினாள்.
நான் குனியும்போதெல்லாம்
கல் தொடையில் இடித்தது.
மாலையில் முதல் வரி எனக்கு.
வயிறு அணையவில்லை.

பிப்ரவரியில் என் வலது மணிக்கட்டு கைவிட்டது.
கட்டை விரலும் அடுத்த இரண்டும்
யாருடைய விரல்களோ ஆயின.
வெளியே சொல்லவில்லை.
சொன்னால் பெயர் இறங்கும்.
சொல்லாவிட்டாலும் இறங்கியிருக்க வேண்டும்,
இறங்கவில்லை.
மூன்றாம் நாள்தான் கவனித்தேன்:
என் தட்டில் கிடந்த துண்டுகளில் பாதி
நான் வெட்டியவை அல்ல.
அந்த ஓரம் எனக்குத் தெரியும்.
அக்டோபரிலிருந்து அதைத்தானே பார்க்கிறேன்.

திரும்பினேன்.
போகுமிவா நிமிரவே இல்லை.
சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடியை நகர்த்துவதுபோல
இன்னொரு துண்டை என் பக்கம் தள்ளினாள்.

இடைவேளையில் கல்லை அவள் முன் வைத்தேன்.
இதற்குள் அவள் நிறையச் சொற்கள் கற்றிருந்தாள்.
நான்தான் எல்லாவற்றையும் மறந்து
அந்தப் பழைய இரண்டில்
இரண்டாவதைச் சொன்னேன்.
கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்?
என் கத்தியை வாங்கித் தீட்டத் தொடங்கினாள்,
தேவைக்கு மேல் அழுத்தி.

கல்லைத் திருப்பிக் கொடுப்பது எளிது.
பொய்யைத் திரும்ப வாங்க
ஏழு மேசைக்கும் நடந்தேன்.
ரூனார் மட்டும், "தெரியும்" என்றான்.
தெரிந்தே தலையாட்டியிருக்கிறான்.
அதையும் அன்று பேசித் தீர்த்தோம்,
காபி ஆறிப்போகும்வரை.

அடுத்த வாரம் யாரோ திரைமேல்
ஒரு மஞ்சள் மழைக்கோட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள்.
மேற்பார்வையாளர் ஹால்தோர் எடுத்துப் போட்டார்.
மறுநாள் ஒரு பச்சைக் கோட்டு.
அதற்கு மறுநாள் அவர் மேலே பார்க்கவில்லை.
இப்போதெல்லாம் மாலையில்
"மொத்தம் எத்தனை?" என்று மட்டும் கேட்கிறார்.
யாருக்குக் கை வலிக்கிறது என்பது
அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.
கூடம் காலியாக இருக்கும்போது
கோட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறேன்.
முதல் வரி அவள். நான் நான்காவது.
சாம்பலுக்குள் ஒரு கங்கு கண் திறக்கும்.
கோட்டை இறக்கிவிட்டுத் தொட்டிக்கு நடக்கிறேன்.

சாணைக்கல் அதன் இடத்தில் கிடக்கிறது.
ஈரமாக.
எனக்கு முன்பே யாரோ வந்திருக்கிறார்கள்.