கம்பி போன வழி

நெஸ்டர் ஒலெக்சினுக்குக் குழி தோண்ட
மூன்று நாள் ஆயிற்று.
சஸ்காட்சுவானில் ஜனவரி மண் இரும்பு.
மேலே கரியைக் கொட்டிக் கொளுத்தி
தகரத்தால் மூடி
இரவெல்லாம் முறைவைத்துக் காத்தார்கள்
தீயணைப்புப் படைக்காரர்கள்.
ஒரு தீ அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது
அவர்களுக்கு அதுவே முதல் தடவை.
அவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்,
பிறகு கரி என்ன விலை என்று கேட்டிருப்பார்.

கொரியாவில் அவருக்குத் துப்பாக்கியைவிட
இடுக்கிதான் பழக்கம்.
குண்டு விழுந்து தொலைபேசிக் கம்பி அறுந்தால்
இருட்டில் குப்புறக் கிடந்து
உள்ளங்கையில் கம்பியை ஓடவிட்டபடி ஊர்வார்.
கை வெறுமையாகும் இடம்தான் அறுந்த இடம்.
மறுமுனை எங்கோ நெல்வயலில் சுருண்டு கிடக்கும்.
துழாவி எடுத்து, பல்லால் உரித்து, முறுக்கி,
காதில் வைத்துக் கேட்பார்:
"இருக்கிறாயா?"
பதில் வராத ஓர் இரவும் இருந்தது.

அதை ஒரே ஒரு தடவை சொன்னார்,
என் தபால் கவுண்டரில்,
தபால்தலை ஒட்டிக்கொண்டே.
நான் சில்லறை எண்ணுவதை நிறுத்தவில்லை.
நிறுத்தியிருந்தால் அவரும் நிறுத்தியிருப்பார்.

பதக்கம் இரண்டு.
தூண்டில் முள் டப்பாவில் கிடந்தனவாம்.
நாங்கள் பார்த்தது சவப்பெட்டியின் மேல்தான்.

எங்களுக்குத் தெரிந்தவர் வேறு ஆள்.
ஹாக்கித் திடலுக்கு நள்ளிரவில் தண்ணீர் விட்டு
விடிவதற்குள் கண்ணாடியாக்கி வைப்பவர்.
தானியக் கிடங்கு முனையில் நிறுத்தப் பலகை கேட்டு
நாற்பது வருஷம் ஊர்க் கூட்டத்தில் சண்டை போட்டவர்.
பலகை இன்னும் வரவில்லை.
சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், மாட்டிக்கொள்வார்,
வென்ற காசைப் பியானோ நிதியில் போட்டுவிடுவார்.
தேவாலயத்தில் எல்லோருக்கும் ஒரு வரி முன்னால் பாடுவார்,
எங்கேயோ அவசரமாகப் போக வேண்டியவர்போல.

அறுபத்து நான்கு மார்ச்சில்
பள்ளிக்கூடம் விடும் நேரம் வெள்ளைக் காற்று வந்தது.
ஜன்னலுக்கு வெளியே கொடிக்கம்பம் காணோம்.
அடுப்பில் கரி தீர்ந்துகொண்டிருந்தது.
தெருவுக்கு அந்தப் பக்கம் ஊர் மன்றம்,
நூற்றிருபது தப்படி.
அந்த நூற்றிருபதில் ஆள் தொலைந்து செத்த கதைகள்
எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு.

கதவு திறந்தது.
இடுப்பில் கம்பி கட்டிய பனி உருவம் ஒன்று நுழைந்து
வாசல் தூணில் அதை முறுக்கிக் கட்டி
"ஒரு கை எப்போதும் இதன்மேல்" என்றது.
முப்பத்தொரு பிள்ளைகள்.
நான் ஏழாவது கை.
முன்னால் போன ரூத்தின் முதுகு தெரியவில்லை.
கையுறைக்குள் கம்பி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது
யாரோ பேசுவதைப்போல.

மன்றத்து வாசலில் எண்ணினார். முப்பது.
இன்னொரு முறை எண்ணினார்.
ஒரு பூட்ஸைத் தேடிக்கொண்டு
லார்ன் பின்தங்கியிருந்தான்.
கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் போனார்.
பாதி வழியில் அவர் கத்தியது
காற்றில் கிழிந்து எங்களுக்கும் கேட்டது:
"இருக்கிறாயா?"
ஒரு பொடிக் குரல் அழுதுகொண்டே சொன்னது,
இருக்கிறேன் என்று.

அடக்கத்தன்று மைனஸ் முப்பத்தைந்து.
எக்காளம் மூன்று சுரத்தோடு நின்றது.
ஊதியவரின் எச்சில் குழலுக்குள் உறைந்துவிட்டது.
என்ன செய்வதென்று தெரியாமல்
மீதிப் பாட்டு நீளும் நேரம்வரை நின்றோம்.
அறுபத்தாறு வயது லார்ன் கால் மாற்றிக் கால் மாற்றி
பனியை மிதித்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு திடலை யாரும் நினைக்கவில்லை
என்றுதான் நினைத்தேன்.
பன்னிரண்டு மணிக்கு விளக்கு எரிந்தது.
குழாய் இழுபடும் சத்தம்.

காலையில் கேட்டேன், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.
தரை மேடுபள்ளமாய் இருந்தது,
ஒரு மூலையில் அலையலையாய்.
நெஸ்டர் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.
பிள்ளைகள் அதன்மேல் விழுந்தார்கள், எழுந்தார்கள்,
பந்து யாருடையது என்று கத்தினார்கள்.