மடியில் ஒன்று

பட்டர்வொர்த் ரேடார் அறையிலிருந்து நேர் தொலைபேசி.
ஓங்தான் எடுத்தான். முகம் மாறவில்லை.
பேனா மூடியை மட்டும் பல்லால் கழற்றித் துப்பினான்.

சுபாங்கிலிருந்து வரும் ஏடிஆர்.
வலது எஞ்சினில் தீ எச்சரிக்கை.
அணைத்துவிட்டார்கள். மற்றது சுழல்கிறது.
மணி ஆறு ஐம்பது.
பாலிக் பூலாவ் மலையைவிட்டு
மழை இன்னும் கிளம்பவில்லை.

கேட்க வேண்டியவை மூன்று:
என்ன வேண்டும்,
எண்ணெய் எவ்வளவு,
எத்தனை உயிர்.
ஆங்கிலத்தில் அங்கே ஆன்மா என்றுதான் சொல்கிறோம்.
எத்தனை வருடம் சொன்னாலும்
என் காதில் விழுவது உயிர்.

பூஜ்யம் நான்கு ஓடுபாதை, என்றாள் விமானி.
ஒன்றரை மணிக்கு எண்ணெய்.
எழுபத்தொன்று.
எழுதிக்கொண்டேன்.

பிறகு என் வேலை
கேட்காமல் இருப்பது.
அவளுடைய ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே
யாரோ பட்டியலின் பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.
அந்த இடைவெளி அவர்களுடையது.
நான்காவது கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது.
விழுங்கினேன்.

கோத்தா பாரு போகிறவனை நிறுத்தினேன்.
ஏன் என்றான். காத்திருங்கள் என்றேன்.
மறுபடி கேட்கவில்லை.
அவனும் இதே அலைவரிசையில்தானே இருக்கிறான்.

தீயணைப்பு வண்டிகள் மூன்று
ஈரத் தாரில் வரிசைக்கு வந்து நின்றன.
ஜீப்பில் போன அஸ்ருல்
செத்த மைனா ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு
பாதை சுத்தம் என்றான்.

அப்போது அவளே கூப்பிட்டாள்.
கோபுரம், ஒரு திருத்தம்.
எழுபத்திரண்டு.
மடியில் கைக்குழந்தை.

ஒற்றை எஞ்சினோடு
கடலுக்கு மேல் ஆயிரத்தைந்நூறு அடியில்
யாரோ இருக்கை இருக்கையாக நடந்து
மறுபடி எண்ணியிருக்கிறார்கள்.
ஒன்றின் மேல் கோடு போட்டேன்,
பக்கத்தில் இரண்டு.

காற்று பூஜ்யம் ஐந்து பூஜ்யம், ஆறு நாட்.
இறங்கலாம்.

தெலுக் கும்பார் பக்கம் விளக்கு தெரிந்தது.
கொஞ்சம் சாய்ந்து, ஒருக்களித்து வந்தது.
தொலைநோக்கியில்
நின்றுபோன விசிறியின் இதழ்களை எண்ண முடிந்தது.
ஆறு.
ஓடுகிற விசிறியில் ஒரு நாளும் எண்ணியதில்லை.

சக்கரம் தொட்டது.
வண்டிகள் பின்னாலேயே ஓடின.
புகை இல்லை.
நன்றி கோபுரம், என்றாள். அவ்வளவுதான்.
அதில் மட்டும் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது,
அல்லது மழை இரைச்சல்.

கோத்தா பாருக்காரன்:
இப்போது புறப்படலாமா?
பதினெட்டு நிமிடத் தாமதம்.
அவனிடமும் யாராவது கோபப்படுவார்கள்.

வான் அஸீசா என் தோளைத் தட்டிக்
காதொலியை வாங்கிக்கொண்டார். விதி அது.
நாற்காலியை விட்டு எழுந்தபோதுதான்
முட்டி நடுங்குவது தெரிந்தது.
கீழே வருகைக் கூடத்துக்குப் போகவில்லை.
போனால் எந்தக் குழந்தையென்று பார்ப்பது?

குறிப்பேட்டில் எழுதினேன்:
19:07, பத்திரமாகத் தரையிறங்கியது.
பணியில்: வ. இன்பமலர்.

அந்தச் சீட்டைச் சில மாதம் பெட்டியில் வைத்திருப்பார்கள்.
பிறகு கிழித்துவிடுவார்கள்.

மேசைக்கடியில் குனிந்து
ஓங் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்
பேனா மூடியை.